ஏழு மணி நேரம் உக்காந்தும் ஏன் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது?

கேள்வி: டாக்டர், எனக்கு 19 வயசு, காலேஜ் ரெண்டாவது வருஷம். ஸ்கூல்ல எப்பவும் முதல் மூணு ராங்குக்குள்ளதான் இருப்பேன், "நீ பொறந்ததுலேந்தே புத்திசாலி"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. இப்போ தினமும் ஏழு மணி நேரம் புக்கோடதான் இருக்கேன். நைட்டு ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து காலைல ஆறுக்கு எழுந்துக்கறேன், வாக்கிங் போறது, ஷட்டில் ஆடறது எல்லாத்தையும் படிப்புக்காக நிறுத்திட்டேன். அப்படியும் போன செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போயிடுச்சு. படிக்கும்போது எல்லாம் புரியுது. ஹால்ல உக்காந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை வேர்க்குது, படிச்சது ஒண்ணுகூட ஞாபகம் வரல. எனக்கு மூளை அவ்ளோதானா? ஞாபக சக்திக்கு ஏதாவது டானிக், மாத்திரை இருக்கா? வீட்ல இன்னும் சொல்லல, பயமா இருக்கு. பேர் போட வேணாம்.

பதில்:

என் பொண்ணு வயசுதான் மா உனக்கு, அதுனால நீன்னே எழுதறேன். "எனக்கு மூளை அவ்ளோதானா"ன்னு நீ கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். உன் மூளைக்கு ஒண்ணும் ஆகல. நாலு மணி நேரம் தூங்கற ஒரு ஆள் தன் பிரச்சனையை இவ்ளோ கோர்வையா எழுதியிருக்குன்னா அந்த மூளையைப் பத்தி எனக்கு சந்தேகமே இல்ல.

உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன், ரெண்டு வரிக்கு அடியில பேனாவால கோடு போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணு, "படிக்கும்போது எல்லாம் புரியுது". இன்னொண்ணு, "வாக்கிங், ஷட்டில் எல்லாத்தையும் படிப்புக்காக நிறுத்திட்டேன்". நீ கேட்ட எல்லாத்துக்கும் பதில் இந்த ரெண்டு வரிக்குள்ளயேதான் இருக்கு, ஒண்ணு மனசு சம்பந்தப்பட்டது, இன்னொண்ணு உடம்பு சம்பந்தப்பட்டது, ஆனா ரெண்டும் தனித்தனி கிடையாது, ஒரே முடிச்சு, அதை எப்படி பிரிக்கறதுன்னு பார்ப்போம்.

என்கிட்ட வர்ற ஸ்டூடண்ட்ஸ்கிட்ட முதல் நாள் நான் ஒரு வேலை வெப்பேன். போன வருஷம் உன்னை மாதிரியே ஒரு பொண்ணு வந்துச்சு, முந்தின நாள் அஞ்சு மணி நேரம் ஒரே சாப்டர் படிச்சேன்னு சொல்லுச்சு, புக்கையும் கையிலயே வெச்சிருந்துச்சு, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள், பச்சை, ரோஸ்னு ஹைலைட்டர், ஓரத்துல குட்டி குட்டி எழுத்துல நோட்ஸ், பார்க்கவே அழகா இருந்துச்சு. நான் புக்கை வாங்கி மூடி என் பக்கம் வெச்சுக்கிட்டு ஒரு வெள்ளை பேப்பரை அது முன்னாடி தள்ளி, பத்து நிமிஷம் டைம், அந்த சாப்டர்ல என்ன இருக்குன்னு எழுதும்மான்னு சொன்னேன். தலைப்பை எழுதுச்சு, அடியில கோடு போட்டுச்சு. ரெண்டு டெபனிஷன் பாதி பாதி வந்துச்சு. அப்புறம் பேனா நின்னுடுச்சு. கண்ணுல தண்ணி வந்து, "எந்தப் பக்கத்துல எந்த மூலையில இருக்குன்னு தெரியுது டாக்டர், பச்சை கலர்ல இருக்கும், ஆனா என்ன எழுதியிருக்குன்னு வரல"ன்னு சொல்லுச்சு.

இதுதான் உனக்கும் நடக்குது மா. புரியறது வேற, நினைவுலேந்து எடுக்கறது வேற. புக்கு கண்ணு முன்னாடி இருக்கும்போது மூளை "ஆமா, இது எனக்குத் தெரிஞ்சதுதான்"னு அடையாளம் கண்டுக்குது, அவ்ளோதான். தெரிஞ்ச முகத்தை தெருவுல பார்த்தா சிரிக்கறோம், பேர் என்னன்னு கேட்டா முழிக்கறோம் இல்லையா, அதே கதை. ரெண்டாவது தடவை வாசிக்கும்போது சரளமா ஓடும், மூணாவது தடவை இன்னும் சரளமா ஓடும், அந்த சரளத்தை நாம படிச்சு முடிச்சாச்சுன்னு எடுத்துக்கறோம். எக்ஸாம் ஹால்ல யாரும் உன்கிட்ட புக்கைக் காட்டி இது தெரியுமான்னு கேக்கறதில்ல, வெறும் பேப்பரைக் குடுத்து எடுன்னுதான் கேக்கறாங்க. அந்த எடுக்கற வேலையை அந்த ஏழு மணி நேரத்துல எத்தனை நிமிஷம் செஞ்சேன்னு யோசிச்சுப் பாரு.

2006-ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் ஸ்டூடண்ட்ஸை வெச்சு இதை நேரடியா சோதிச்சுப் பார்த்தாங்க. ஒரு பத்தியை எல்லாரும் படிச்சாங்க, அப்புறம் அதையே திரும்ப வாசிச்சது ஒண்ணு, வாசிக்காம புக்கை மூடிட்டு ஞாபகத்துலேந்து எழுதிப் பார்த்தது ஒண்ணு. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா திரும்ப வாசிச்சதுதான் முன்னாடி, 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. இங்கதான் நாம எல்லாரும் ஏமாறறோம். ஒரு வாரம் கழிச்சு பார்த்தா தலைகீழ், எழுதிப் பார்த்ததுல 56 சதவீதம் நின்னுச்சு, திரும்ப வாசிச்சதுல 42தான். இதுல என்னை ரொம்ப பாதிச்ச விஷயம் எதுன்னா, எது உனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்னு முன்னாடியே கேட்டப்போ, திரும்பத் திரும்ப வாசிச்ச குரூப்தான் அதிக நம்பிக்கையோட இருந்தாங்க. நீ நைட்டு ரெண்டு மணிக்கு புக்கை மூடும்போது "எல்லாம் புரியுது"ன்னு தோணுது பாரு, அதே நம்பிக்கை.

சரி, அப்போ எழுதிப் பார்க்கறதுதான் வழின்னா ஏன் யாரும் அதைச் செய்யறதில்ல? சோம்பேறித்தனம்னு சொல்லுவாங்க, நான் அப்படி நினைக்கல, ஏழு மணி நேரம் உக்கார்ற பொண்ணை சோம்பேறின்னு எப்படி சொல்றது. பயம்தான் காரணம். வெள்ளை பேப்பர் முன்னாடி உக்காந்தா என்னென்ன தெரியாதுங்கறது அப்படியே வெளியில வந்துடும். வாசிக்கறது பத்திரமா இருக்கும், அதுல யாரும் தோக்கறதில்ல. உன் விஷயத்துல இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு, அதையும் நீயே எழுதியிருக்கே, "பொறந்ததுலேந்தே புத்திசாலி". பாசத்துல சொன்னதுதான், அவங்களை நான் குறை சொல்லல, ஆனா இந்தப் பேரு புள்ளைங்க தோள்ல எவ்ளோ கனமா உக்காருதுன்னு வருஷக்கணக்கா பார்த்துட்டு இருக்கேன்.

1998-ல க்ளாடியா ம்யூல்லரும் கரோல் டுவெக்கும் ஸ்கூல் பசங்களுக்கு சில புதிர் குடுத்து, நல்லா போட்டவங்கள்ல ஒரு பகுதிக்கு "நீ புத்திசாலி"ன்னும் இன்னொரு பகுதிக்கு "நல்லா முயற்சி பண்ணியிருக்கே"ன்னும் சொன்னாங்க. அடுத்து ரொம்பக் கஷ்டமான புதிர், எல்லாரும் சறுக்கினாங்க. அதுக்கடுத்து முதல்ல குடுத்த மாதிரியே சுலபமானது, அதுல புத்திசாலின்னு பேர் வாங்கினவங்க முதல் தடவையை விட மோசமா பண்ணாங்க, முயற்சிக்குப் பாராட்டு வாங்கினவங்க முதல் தடவையை விட நல்லா பண்ணாங்க. இன்னொண்ணும் நடந்துச்சு, வேற ஸ்கூல் பசங்களுக்கு உன் மார்க்கை எழுதி அனுப்புன்னு சொன்னப்போ புத்திசாலி குரூப்ல பத்துல கிட்டத்தட்ட நாலு பேர் மார்க்கைக் கூட்டி எழுதியிருந்தாங்க. அவங்க கெட்ட பசங்க இல்ல மா. பேர் போயிடுமேங்கற பயம். நீ வீட்ல இன்னும் சொல்லாம இருக்கறதும் அந்தப் பயம்தான்னு நான் நினைக்கறேன், இதைப் பத்தி கடைசியா பேசுவோம்.

இப்போ உடம்புக்கு வர்றேன், இங்க கொஞ்சம் நிறைய பேசத்தான் போறேன், ஏன்னா ஸ்டூடண்ட்ஸ் யாரும் இதைப் படிப்போட சேர்த்துப் பார்க்கறதே இல்ல, தூக்கம்னா படிப்பு முடிஞ்சப்புறம் மிச்சம் இருந்தா எடுத்துக்கற ஒண்ணுன்னு நினைச்சுட்டு இருக்காங்க. பகல்ல நீ படிச்சது முதல்ல மூளையில ஹிப்போகேம்பஸ்னு ஒரு இடத்துல தற்காலிகமா பதியுது. நீ ஆழ்ந்து தூங்கும்போது மூளை அதையே திரும்ப ஓட்டிப் பார்த்து, வேணுங்கறதை நிரந்தரமா வெக்கற இடங்களோட கோர்க்குது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் ராத்திரியோட முதல் பாதியில, கனவு வர்ற தூக்கம் அதிகமா விடியக்காலைக்குப் பக்கத்துல, ரெண்டுக்கும் வேலை இருக்கு. நீ ரெண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்தா அந்தக் கடைசி பங்கை அப்படியே வெட்டிப் போட்டுடறே. படிச்சதை பதிய வெக்கற வேலையை நடுவுல நிறுத்திட்டு மறுநாள் புதுசா படிக்க உக்கார்றே. 1924-லயே ஜென்கின்ஸ், டாலன்பாக்னு ரெண்டு பேர் கார்னெல் யுனிவர்சிட்டில ரெண்டே ரெண்டு ஸ்டூடண்ட்ஸை வெச்சு, ஒரே மாதிரி அர்த்தமில்லாத எழுத்துக் கோர்வையை மனப்பாடம் பண்ண வெச்சு, தூங்கி எழுந்தப்புறமும் அதே அளவு நேரம் முழிச்சிருந்தப்புறமும் கேட்டுப் பார்த்தாங்க, தூங்கினப்புறம் ஞாபகம் இருந்தது தெளிவா அதிகம். சின்ன சோதனைதான், ஆனா அதுக்கப்புறம் எத்தனையோ ஆய்வுகள் அதே திசையிலதான் வந்திருக்கு.

"எனக்கு நாலு மணி நேரம் பழகிடுச்சு"ன்னு அடுத்த லெட்டர்ல எழுதுவே, எல்லாரும் சொல்றது அது. 2003-ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில ஆரோக்கியமான ஆளுங்களை ரெண்டு வாரம் நாலு மணி நேரம், ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம்னு பிரிச்சுத் தூங்க வெச்சு தினமும் கவனத்தையும் நினைவையும் சோதிச்சாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஆறு மணி நேரம் தூங்கினவங்களே ஒரு ராத்திரி பூரா தூங்காதவங்க அளவுக்கு கவனத்துல சரிஞ்சிருந்தாங்க, நாலு மணி நேரக்காரங்க அதை விட மோசம். ஆனா எவ்ளோ தூக்கம் வருதுன்னு அவங்களையே கேட்டா, முதல் சில நாளுக்கு அப்புறம் பெருசா கூடலன்னு சொன்னாங்க. பழகிடுச்சுங்கற உணர்வு மட்டும்தான் வருது, திறமை தினமும் இறங்கிக்கிட்டேதான் போகுது. உன் வயசுக்கு குறைஞ்சது ஏழு மணி நேரம் வேணும், எட்டு கிடைச்சா ரொம்ப நல்லது, 13 வயசுலேந்து 17 வயசு வரைக்கும் இருக்கற பசங்களுக்கு எட்டுலேந்து பத்து.

இதை நான் வெறும் படிச்சுட்டு சொல்லல. முதல் வருஷம் அனாட்டமி வைவாக்கு, அதாவது உடம்பு அமைப்பைப் பத்தின வாய்மொழித் தேர்வுக்கு, முந்தின ராத்திரி நான் கண்ணை மூடவே இல்ல. காலைல எக்ஸாமினர் என் கையில ஒரு எலும்பைக் குடுத்து, இது இடது பக்கமா வலது பக்கமான்னு கேட்டார். கிளாவிகிள், தோள்ல முன்பக்கம் இருக்கற எலும்பு. அதை நான் நூறு தடவையாவது கையில எடுத்திருப்பேன், அந்த வழவழப்பு, அந்த வளைவு எல்லாம் விரலுக்குத் தெரியுது, எந்தப் பக்கம்ங்கறது மட்டும் வரவே இல்ல. அவர் ரெண்டு நிமிஷம் பொறுமையா காத்திருந்துட்டு எலும்பை என் கையிலேந்து திரும்ப வாங்கிக்கிட்டார். அந்தக் கை காலியான நிமிஷம் இன்னைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு, அதுனாலதான் "ஒண்ணுகூட ஞாபகம் வரல"ன்னு நீ எழுதினதும் எனக்கு அது என்னன்னு உடனே புரிஞ்சுடுச்சு.

தூக்கம் கெட்டா ஞாபகம் மட்டும் போறதில்ல, பயமும் கூடும். மூளையில ஆபத்துக்கு மணி அடிக்கற இடம் ஒண்ணு இருக்கு, அமிக்டலான்னு பேரு, தூங்காத மூளையில அது சின்ன விஷயத்துக்கெல்லாம் பலமா அடிக்கும், அதை அடக்கி வெக்க வேண்டிய முன்பகுதி களைச்சுப் போயிருக்கும். இப்போ உன் கதையை வரிசையா பாரு. தூக்கம் குறையுது, பயம் ஏறுது, பயத்துல தன்னைத்தானே சோதிச்சுப் பார்க்கத் துணிச்சல் வரல, அதுனால பத்திரமா வாசிச்சுக்கிட்டே இருக்கே, வாசிச்சது நிக்கல, நிக்கலன்னதும் இன்னும் ரெண்டு மணி நேரம் கூட முழிக்கறே. நான் முடிச்சுன்னு சொன்னது இதைத்தான். படிப்புக்காகன்னு நீ வெட்டி எறிஞ்ச தூக்கம், நடை, விளையாட்டு இதெல்லாம் படிப்புக்கு வெளியில இருக்கற விஷயம் இல்ல மா, படிப்பே அதுமேலதான் நிக்குது.

ஷட்டிலை ஏன் நிறுத்தினே? தினமும் அரை மணி, முக்கா மணி நேரம் உடம்பு அசைஞ்சா ராத்திரி ஆழ்ந்த தூக்கம் வரும், படபடப்பு தானா குறையும், மனசு லேசாகும். பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷத்துலேந்து 300 நிமிஷம் வரைக்கும் மிதமான உடற்பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது உனக்கு ஒரு கஷ்டமே இல்ல, நாளைக்கே ராக்கெட்டை எடு. இன்னொரு காரணமும் இருக்கு, ஓடி ஆடும்போது நெஞ்சு வேகமா அடிக்கும், வேர்க்கும், அதுல பயம் இருக்காது. நெஞ்சு அடிச்சாலே ஆபத்துன்னு உன் மூளை கத்துக்கிட்டு இருக்கு, இல்லன்னு அதுக்கு திரும்பக் கத்துக் குடுக்க கோர்ட்டை விட நல்ல இடம் கிடையாது.

காபி குடிக்கறியான்னு எழுதல, ஆனா ரெண்டு மணி வரைக்கும் முழிக்கறவங்க பெரும்பாலும் குடிக்கறவங்கதான். காபில இருக்கற காஃபீன்ல பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும், எட்டு மணிக்குக் குடிச்சா ராத்திரி ஒரு மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கும். மத்தியானத்தோட நிறுத்திக்கோ. சாப்பாட்டை தள்ளிப் போடாதே, உடம்பு எடையில மூளை ரெண்டு சதவீதம்தான், ஆனா உடம்பு செலவு பண்ற சக்தியில அஞ்சுல ஒரு பங்கை அது எடுத்துக்குது. வெறும் வயித்துல எக்ஸாம் எழுதப் போகாதே.

டானிக், மாத்திரை பத்தி கேட்டே. ஞாபக சக்தியைக் கூட்டற டானிக்னு நல்லா ஆரோக்கியமா இருக்கற ஒருத்தருக்கு நான் எழுதித் தர்ற மாதிரி ஒண்ணும் கிடையாது. ஃபிரண்ட்ஸ் யாராவது கவனம் நல்லா வரும்னு மாத்திரை குடுத்தா கண்டிப்பா வாங்காதே, அதெல்லாம் குறிப்பிட்ட நோய்க்கு டாக்டர் பார்த்துக் குடுக்க வேண்டியது, தூக்கத்தை இன்னும் கெடுக்கும், படபடப்பைக் கூட்டும். ஆனா நீ ஒரு தடவை ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோ, இதை நான் அழுத்திச் சொல்றேன். உன் வயசுப் பொண்ணுங்களுக்கு இரும்புச்சத்து குறையறது ரொம்ப சாதாரணம், ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ இருந்தா ரத்தசோகை, களைப்பு, படபடப்பு, மாடி ஏறினா மூச்சு வாங்கறது, படிச்சா மண்டையில ஏறாதது எல்லாமே அதுனாலயும் வரும். தைராய்டும் பார்த்துடு. படிச்சு அரை மணி நேரத்துல தலைவலி வருதுன்னா கண்ணையும் காட்டு. வருஷம் பூரா தன்னை மக்குன்னு திட்டிக்கிட்டு இருந்த ஒரு பையனுக்கு கடைசியில கண்ணாடிதான் தேவைப்பட்டுச்சு, அதை இன்னும் என்னால மறக்க முடியல.

அடுத்து ஹால்ல நடக்கறது. ஒரு நேரத்துல மூளை கையாளக்கூடிய விஷயம் ரொம்பக் கொஞ்சம், சின்ன ஸ்டூல் மாதிரி நினைச்சுக்கோ, நாலஞ்சு பொருள் வெச்சாலே நிரம்பிடும். "ஃபெயில் ஆயிடுவேனோ, வீட்ல என்ன சொல்றது, பக்கத்துல இருக்கறவ அடிஷனல் ஷீட் வாங்கிட்டா"ன்னு கவலை வந்து அந்த ஸ்டூல் மேல உக்காந்துட்டா பதிலை எங்க வெப்பே? படிச்சது அழிஞ்சு போகல, எடுத்து வெக்க இடம் இல்ல, அவ்ளோதான். அதுனாலதான் வெளியில வந்து படி இறங்கும்போது எல்லாம் ஞாபகம் வருது.

இதுக்கு ரெண்டு மூணு விஷயம் உதவும். நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சதும் "ஐயோ வந்துடுச்சு"ன்னு சொல்லாம "உடம்பு வேலைக்குத் தயாராகுது"ன்னு சொல்லிக்கோ. இது வெறும் ஆறுதல் பேச்சு இல்ல, 2010-ல வெளியான ஒரு ஆய்வுல, பரீட்சைக்கு முன்னாடி வர்ற படபடப்பு நல்லா எழுத உதவக்கூடியதுன்னு முன்கூட்டியே சொல்லி அனுப்பின ஸ்டூடண்ட்ஸ், அப்படி சொல்லாம அனுப்பினவங்களை விட கணக்குல அதிக மார்க் வாங்கினாங்க. அப்புறம் மூச்சு, நாலு எண்ணி உள்ள இழு, ஆறு எண்ணி மெதுவா வெளியில விடு, வெளியில விடறது நீளமா இருக்கணும், அதுதான் இதயத் துடிப்பை இறக்கும், பத்து தடவை போதும், ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. ஹாலுக்கு வெளியில நிக்கும்போது கடைசி நேரத்துல புக்கைப் புரட்டறதுக்கு பதிலா மனசுல இருக்கற பயத்தையெல்லாம் ஒரு பேப்பர்ல பத்து நிமிஷம் கொட்டி எழுதிட்டு கிழிச்சுப் போடு, என்கிட்ட வர்றவங்கள்ல சிலருக்கு இது நல்லா கேக்குது, சிலருக்கு கேக்கல, நீயும் ஒரு தடவை பாரு. எல்லாத்தையும் விட பெருசு, வீட்லயே டைம் வெச்சு, புக்கு இல்லாம, பழைய கேள்வித்தாளை எழுதிப் பழகறது. வாசிச்சு மட்டும் பழகினவங்களுக்கு ஹால்தான் முதல் தடவையா வெறும் பேப்பரைப் பார்க்கற இடம், பயம் வராம என்ன பண்ணும்? முப்பது தடவை வீட்ல பார்த்தவங்களுக்கு அது முப்பத்தொண்ணாவது தடவை.

சரி, நாளைக்குக் காலைல என்ன பண்றது? ஏழு மணி நேரத்தை நாலரையா குறை. பயப்படாதே, நிஜமாத்தான் சொல்றேன். அரை மணி நேரம் படி, புக்கை மூடு, வெள்ளை பேப்பர் எடு, ஞாபகத்துல இருக்கறதை எழுது, அப்புறம் புக்கைத் திறந்து விட்டுப் போனதை வேற கலர் பேனால எழுது. முதல் வாரம் வேற கலர்தான் பேப்பர் பூரா இருக்கும், மனசு கஷ்டமா இருக்கும், படிச்ச மாதிரியே தோணாது. அந்தக் கஷ்டமேதான் வேலை நடக்குதுன்னு அர்த்தம், அதை விட்டுட்டு ஓடிடாதே. அதே விஷயத்தை மறுநாள் ஒரு தடவை, மூணு நாலு நாள் கழிச்சு ஒரு தடவை, பத்து நாள் கழிச்சு ஒரு தடவை புக்கு பார்க்காம எடுத்துப் பாரு. ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒருத்தர் ஜெர்மனில தன்னைத்தானே வருஷக்கணக்கா சோதிச்சு 1885-ல எழுதி வெச்சாரு, அர்த்தமில்லாத எழுத்துகளை மனப்பாடம் பண்ணி ஒரு நாள் விட்டா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான் மிச்சம், ஆனா நாள் இடைவெளி விட்டு திரும்பத் திரும்ப படிச்சா ஒரே நாள்ல கொட்டிப் படிக்கறதை விட குறைஞ்ச தடவையிலயே நின்னுடுது. அர்த்தம் புரிஞ்சு படிக்கற பாடம் அவ்ளோ வேகமா மறக்காது, ஆனாலும் மறதி எல்லாருக்கும் உண்டு. அது உன் குறை இல்ல.

போனை அந்த அரை மணி நேரம் வேற ரூம்ல வை, சைலண்ட்ல போட்டு பக்கத்துல கவுத்து வெக்கறது போதாது. படிக்க உக்கார்றதை மனசு வந்தா பார்க்கலாம்னு விடாம, "சாயந்திரம் ஆறு மணிக்கு குளிச்சுட்டு வந்ததும் நேரா அந்த மேஜைக்குப் போறேன், முதல் கணக்கை எடுக்கறேன்"னு நேரம், இடம், முதல் வேலை மூணையும் முன்கூட்டியே எழுதி வெச்சுடு, உக்காந்தப்புறம் என்ன பண்றதுன்னு யோசிச்சா அதுலயே பாதி தெம்பு போயிடும். தூக்கத்துக்கு, எழுந்துக்கற நேரத்தை ஆறரைன்னு நிரந்தரமா வெச்சுக்கோ, லீவு நாளா இருந்தாலும். படுக்கற நேரத்தை மூணு நாளைக்கு ஒரு தடவை முக்கா மணி நேரம் முன்னாடி தள்ளு, ரெண்டு வாரத்துல பதினொண்ணுக்கு வந்துடலாம். எழுந்ததும் பத்து நிமிஷம் வெளிச்சத்துல நில்லு, உடம்புக்குள்ள இருக்கற கடிகாரத்தை அதுதான் சரி பண்ணும்.

போன ரெண்டு பேப்பரைப் பத்தி. உன்னை நீ திட்டிக்கறதை நிறுத்தணும், இது நான் உன்னை தட்டிக் குடுக்கறதுக்காக சொல்றது இல்ல. கனடால 2010-ல காலேஜ் முதல் வருஷ ஸ்டூடண்ட்ஸை வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, முதல் எக்ஸாமுக்கு படிக்காம தள்ளிப் போட்டதுக்காக தன்னை மன்னிச்சுக்கிட்டவங்கதான் அடுத்த எக்ஸாமுக்கு குறைவா தள்ளிப் போட்டாங்க. திட்டிக்கிட்டா உறைக்கும், உறைச்சா படிப்போம்னு நினைக்கறோம், நடக்கறது வேற, திட்டு வாங்கின மனசு புக்கைப் பார்த்தாலே ஒளிஞ்சுக்குது.

வீட்ல சொல்லிடு மா. இந்த மறைக்கற வேலையே உன் தெம்புல பாதியைத் தின்னுட்டு இருக்கு. அப்பா, அம்மா ரெண்டு பேர்ல யாருகிட்ட பேசறது உனக்கு சுலபமோ அவங்ககிட்ட முதல்ல போ, நின்னுக்கிட்டு சொல்லாதே, உக்காந்து சொல்லு. "ரெண்டு பேப்பர் போயிடுச்சு, ஏன் போச்சுன்னு கண்டுபிடிச்சிருக்கேன், இப்படி மாத்திப் படிக்கப் போறேன், ராத்திரி பதினொண்ணுக்கு மேல என்னை முழிச்சிருக்க விடாதீங்க"ன்னு கேளு. கோபப்படலாம், ரெண்டு நாள் பேசாமகூட இருக்கலாம், அது உனக்குத் தாங்கும். வேணும்னா இந்தப் பதிலையே அவங்ககிட்ட காட்டு.

ஒரே ஒரு விஷயம் மட்டும் தள்ளிப் போடாதே. ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பே இல்லாம இருந்தா, படுத்தாலும் தூக்கம் வராம இருந்தா, காரணமே இல்லாம அழுகை வந்தா, இல்ல உயிரோட இருக்கறதுல அர்த்தம் இல்லன்னு ஒரு தடவை தோணினாகூட, அதை படிப்புப் பிரச்சனைன்னு நினைச்சுட்டு இருக்காதே, அன்னைக்கே வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லி டாக்டரைப் பாரு. உன் லெட்டர்ல அப்படி எதுவும் இல்ல, ஆனா சிலர் அதை மட்டும் எழுத மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும், அதுனால சொல்றேன்.

இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு பக்கம் போதும், நேத்து படிச்ச பாடத்தை புக்கைத் திறக்காம எழுதிப் பாரு, மேல தேதி போட்டு, எவ்ளோ கம்மியா வந்தாலும் கிழிச்சுப் போடாம ஒரு கவர்ல போட்டு வை. மூணு வாரம் கழிச்சு அதே பாடத்தை திரும்ப எழுதி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு எனக்கு எழுது, ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டையும் சேர்த்து.